ஒரே கார் சாவியும் தொலைந்து நடுவழியில் நிற்கும்போது, இருக்கும் இடத்துக்கே வந்து புதுச் சாவி போட்டுத் தருபவரை நம்பலாமா?

நம்பலாம், அவர் உங்களிடம் நிறையக் கேள்வி கேட்கிறவராக இருந்தால்.

கார் சாவி போடுவதும், அதைப் புரோகிராம் செய்வதும் (அதாவது அந்தச் சாவியைக் காரின் நினைவில் பதிய வைப்பது)தான் என் தொழில். கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். போன் செய்கிறவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். "எவ்வளவு ஆகும், எப்போ வருவீங்க?" இந்த இரண்டும் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. ஆனால் காரின் மாடல், வருடம், பட்டன் ஸ்டார்ட்டா சாவியைத் திருகும் வகையா, வேறு சாவி ஏதாவது இருக்கிறதா என்று தெரியாமல் அந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எதையும் கேட்காமல் உடனே ஒரு சின்னத் தொகையைச் சொல்லி "இதோ வர்றேன்" என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அப்படிச் சொல்லிவிட்டு வந்து, "பூட்டைத் துளைத்துத்தான் திறக்கணும்" என்று தொகையை ஏற்றுகிறவர்கள் உண்டு. கார் பூட்டைத் துளைக்க வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும். போனிலேயே கேட்டுவிடுங்கள்: வருகைக் கட்டணம், சாவி, சிப், புரோகிராமிங், பழைய சாவியைக் காரின் நினைவிலிருந்து அழிப்பது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

நான் முதலில் கேட்பது, சாவி நிஜமாகவே தொலைந்துவிட்டதா, இல்லை கையில் இருந்தும் வேலை செய்யவில்லையா என்று. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பாதிப் பதற்றத்துக்குக் காரணம் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரிதான். பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் கதவும் திறக்காது, பட்டனை அழுத்தினாலும் சத்தம் வராது. அந்தச் சாவியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், தள்ளி இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி வெளியே வரும். அதை வைத்துக் கதவைத் திறங்கள். அப்புறம் பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். சில கார்களில் அதற்கென ஒரு பள்ளமோ ஸ்டீயரிங் பக்கம் ஒரு குறியோ இருக்கும். காரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, கார் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். இதைப் போனிலேயே சொல்லி வண்டியைக் கிளப்ப வைப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

சாவியோடு குழந்தையும் உள்ளே மாட்டிக்கொண்டதா? எனக்காகக் காத்திருக்கவே வேண்டாம். அவசர உதவியை அழையுங்கள், குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்க ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடித்து உடையுங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும்.

சரி, சாவி உண்மையிலேயே தொலைந்துவிட்டது. "ஒரு சாவி வெட்ட இவ்வளவு நேரமா?" என்று பலர் கேட்பார்கள். வெட்டுவது சுலபம். கார் அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே! சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்பும், இக்னிஷனைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளும் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் பேசிக்கொள்கின்றன. கார் ஒரு எண்ணை அனுப்பும், சிப் அதைத் தன் ரகசியக் குறியோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். விடை தவறினால் சாவி அச்சு அசலாகப் பொருந்தித் திரும்பினாலும் எஞ்சின் ஓடாது. இதற்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லும், கனடா 2007-லும் புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கின. அப்போது பரவலாக இருந்த 40 பிட் சிப் ஒன்றின் குறியை உடைக்க முடியும் என்று 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றைய கார்களில் குறிகள் அதைவிட நீளம். திருடனுக்குக் கஷ்டமாகும்போது எங்களுக்கும் கஷ்டம்தான்.

வந்து இறங்கியதும் நான் கேட்பது வண்டியின் பதிவுச் சான்றும் உங்கள் அடையாள அட்டையும். சிலர் முகம் சுளிப்பார்கள். அவை காருக்குள்ளேயே இருந்தால் கதவைத் திறந்து, பார்த்த பிறகுதான் சாவி வேலையைத் தொடங்குவேன். எதையும் பார்க்காமல் சாவி போட்டுத் தருகிறவர், நாளைக்கு உங்கள் காரைக் காட்டி வேறொருவர் கேட்டாலும் போட்டுத் தருவார்.

அப்புறம் கதவுப் பூட்டுக்குள் ஒரு மெல்லிய கருவியை நுழைப்பேன். உள்ளே வரிசையாகச் சின்னத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் விரல் நுனி உணர்விலேயே நகர்த்த வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் மெல்லிய 'டிக்' ஒன்று கைக்குத் தெரியும். பூட்டு திரும்பியதும் ஒவ்வொரு தகட்டின் ஆழத்தையும் எண்ணாகப் படித்துக் குறித்துக்கொள்வேன். அந்த எண் வரிசையை வண்டியிலிருக்கும் மெஷினில் கொடுத்தால் வெற்றுச் சாவியில் வெட்டுகள் விழும். (இதனால்தான் சொல்கிறேன், புதுக் கார் வாங்கிய மகிழ்ச்சியில் சாவியின் படத்தை இணையத்தில் போடாதீர்கள். தெளிவான படம் ஒன்று இருந்தால் அதே எண்களைப் படித்துவிடலாம்.)

அடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேசுவதற்கான சொருகுவாய்) கருவியைச் சொருகுவேன். அதற்கு முன் கார் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் புரோகிராமிங் பாதியில் இருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் காரின் கட்டுப்பாட்டு மாட்யூலே (உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டி) கெட்டுப்போகலாம். உங்களிடம் வருகிறவர் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள், அவருடைய பக்குவம் அதில் தெரிந்துவிடும். சில கார்கள் வேண்டுமென்றே காக்க வைக்கும். சில ஃபோர்டு மாடல்களில் 10 நிமிடம். ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. திருடனுக்கு அவ்வளவு நேரம் நின்று காத்திருக்கப் பொறுமை இருக்காது என்ற கணக்கு. அந்த நேரத்தில் தொழில்நுட்பர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லாக் காருக்கும் சாலையோரத்தில் சாவி போட்டுவிட முடியாது. அண்மைக்கால மெர்சிடிஸ் கார்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் வழியாகத்தான் சாவி வர வேண்டும். "இதை ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். அதேபோல, மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறொரு காரின் பழைய ஸ்மார்ட் சாவியை (பட்டன் ஸ்டார்ட் கார்களுக்கான சாவி) வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடாதீர்கள். ஒரு காரோடு சேர்ந்த பிறகு இன்னொரு காரை ஏற்காத சாவிகள் நிறைய. அலைவரிசையும் மாறும், சில நாட்டுக் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ், பல நாடுகளில் 433.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது: "தொலைந்த சாவியை அழிச்சுட்டீங்களா?" காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதைப் பல கார்களில் கருவியின் திரையிலேயே பார்க்கலாம், காட்டச் சொல்லுங்கள். ஒன்று கையில் இருக்க இன்னொன்று போடும்போது, அது நகல் சிப்பா, தனியாகப் பதிவு செய்த சிப்பா என்றும் கேளுங்கள். நகலாக இருந்தால் காருக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் அழிக்க முடியாது. தனிப் பதிவுக்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் நான் அதையே சொல்வேன்.

அழித்த பிறகும் பழைய சாவியின் உலோகப் பகுதி கதவைத் திறக்கும், எஞ்சின்தான் கிளம்பாது. முகவரி எழுதிய ஏதாவது ஒன்றோடு சேர்ந்து சாவி தொலைந்திருந்தால் கதவுப் பூட்டையும் மாற்றிவிடுங்கள். வீட்டிலேயே எங்காவது இடுக்கில் கிடைத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலான கார்களில் அதை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது சாவிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்காது.