தார் பிளான்ட் வாசலில் நிற்கும் பையனுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கட்-ஆஃப் 131. பெங்களூரில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் ஆகும், முசிறிப் பக்கத்து நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 131 ஒன்றும் தலையில் கை வைத்து உட்கார வேண்டிய மார்க் இல்லை. ஆறுதல் இவ்வளவு போதும். நிலத்தை வைக்காதீர்கள்.

ஒன்பது லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 12,400 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் இல்லை. இந்தத் தவணையைக் கட்டும் அளவுக்கு முதல் சம்பளம் வரும் என்று உங்களுக்கு எழுதிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா? கொழுந்தனார் உட்பட யாரும் இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போன காலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார். பையனுக்குக் கம்ப்யூட்டரில் பிடிப்பு இருந்தால் நானே வேறு வழி தேடியிருப்பேன். உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இருக்கும் வரி வேறு. "சாயங்காலம் ஆனால் ஊருக்கு வெளியே உள்ள தார் பிளான்ட் பக்கம் போய் நிற்கிறான், சட்டையெல்லாம் கறை" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு பத்தி முன்னால், வேதியியல் செய்முறைத் தேர்வில் முப்பதுக்கு முப்பது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. பி.எஸ்சி., நர்சிங், போட்டித் தேர்வு என்று எல்லாரும் சொல்லும் பட்டியலை விட்டுவிட்டு, இந்த இரண்டு வரியும் சேரும் ஓர் இடத்தைப் பற்றி, சாலைத் தாரைச் சோதிக்கும் லேபைப் பற்றி, மட்டும் சொல்கிறேன்.

நாம் பேச்சில் தார் என்று சொன்னாலும் இன்று சாலையில் போடுவது கச்சா எண்ணெயைக் காய்ச்சியபின் அடியில் தங்கும் பிட்டுமன். அசல் தார் நிலக்கரியிலிருந்து வருவது, அது வேறு. சாதாரணச் சாலைக்குப் போடும் விஜி-30 ரகம் இளகத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சாலையின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். லாரிகள் நின்று கிளம்பும் சிக்னலிலும் டோல்கேட்டிலும் சாலை வாய்க்கால் போல் குழிவது இதனால்தான். எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் குணமுள்ள பாலிமரைச் சில சதவீதம் சேர்த்து, 180 டிகிரி வாக்கில் அரைத்துக் கலந்தால் இளகும் வெப்பநிலை 60-ஐத் தாண்டும். இழுத்தால் ரப்பர் போலத் திரும்பும். இதுதான் மாடிஃபைட் பிட்டுமன். 2019-இல் திருத்திய ஐ.எஸ். 15462 என்ற இந்தியத் தரநிலை இதை பி.எம்.பி. (பாலிமர் மாடிஃபைட் பிட்டுமன்) 64-10, 70-10, 76-10 என்று ரகம் பிரிக்கிறது. முதல் எண், சாலையின் சூடு எத்தனை டிகிரி ஏறும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது. பழைய டயர்த் தூள் சேர்ப்பது தனி ரகம். பிளாஸ்டிக் கழிவை ஜல்லியின் மேல் பூசும் முறை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறையில் பிளாஸ்டிக் பிட்டுமனில் கரைவதில்லை, கல்லில் ஒட்டுகிறது. பையனிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்து வைத்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

இதற்குச் சந்தை இருக்கிறதா என்பதுதானே உங்கள் கேள்வி? நாடு ஆண்டுக்கு 80 லட்சம் டன்னுக்கு மேல் பிட்டுமன் செலவழிக்கிறது. உள்நாட்டில் கிடைப்பது 50 லட்சம் சொச்சம், மீதி இறக்குமதி. சரக்கு பல இடத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு டேங்கரையும் சோதிக்க ஆள் வேண்டும். கனரக வண்டிகள் மிகுந்த சாலைகளின் மேல்தளத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 37 என்ற 2018 வழிகாட்டி மாடிஃபைட் ரகங்களை முன்வைக்கிறது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒப்பந்த முறையில் வந்தது. ஹைபிரிட் ஆன்யுட்டி முறையில், அதாவது அரசு செலவில் ஒரு பகுதியை முதலிலும் மீதியைப் பிறகு தவணையிலும் கொடுக்கும் முறையில், போடும் நெடுஞ்சாலையை ஒப்பந்தக்காரரே 15 வருடம் பராமரிக்க வேண்டும். பள்ளம் விழுந்தால் அவர் கைக்காசு. முன்பு லேப் என்பது பில் பாஸ் ஆக ஒரு தாள். இப்போது விவரம் தெரிந்த லேப் ஆள்தான் முதலாளியின் பணத்தைக் காப்பவர். மறுபக்கமும் உண்டு. கச்சா எண்ணெய் விலை ஏறினாலும் அரசு டெண்டர் குறைந்தாலும் இந்தத் தொழில் ஒரு சீசன் படுக்கும். மழைக்காலத்தில் பிளான்ட் ஓடாது.

லேபில் அவன் செய்யப்போகும் வேலை எப்படி இருக்கும்? பித்தளை வளையத்தில் பிட்டுமனை ஊற்றி, மேலே 3.5 கிராம் எஃகு குண்டு வைத்து, நீரை நிமிடத்துக்கு 5 டிகிரி சூடாக்குவார்கள். குண்டு இளகிய பிட்டுமனோடு 25 மில்லிமீட்டர் இறங்கித் தட்டைத் தொடும் வெப்பநிலைதான் சாஃப்டனிங் பாயின்ட். சூடு 7 டிகிரி வேகத்தில் ஏறினால் விடை தப்பு. 80 டிகிரிக்கு மேல் போகும் சரக்குக்கு நீர் உதவாது, கிளிசரின் வேண்டும். இது தெரியாமல் நீரில் வைத்துவிட்டுக் கொதிப்பை வேடிக்கை பார்க்கும் ஆட்களும் உண்டு. அடுத்தது மீள்தன்மை. 15 டிகிரி நீரில் பிட்டுமன் இழையை 10 சென்டிமீட்டர் இழுத்து நடுவில் கத்தரித்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு சுருங்கியது என்று அளப்பார்கள். வெட்டிய முனைகளைத் திரும்பச் சேர்க்கும்போது மூன்று சென்டிமீட்டர் நீட்டம் மட்டும் மீந்தால் 70 சதவீதம். பாலிமர் போட்டேன் என்று சொல்லி விஜி-30 அனுப்பியவர் இந்தச் சோதனையில் மாட்டுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரிதல் சோதனை. மெல்லிய அலுமினியக் குழாயில் சரக்கை நிரப்பி 163 டிகிரியில் 48 மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். பிறகு உறையவைத்து மூன்றாக வெட்டி மேல்துண்டையும் அடித்துண்டையும் தனித்தனியே சோதிப்பார்கள். இளகும் வெப்பநிலை 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் பாலிமர் மேலே மிதந்துவிட்டது என்று பொருள். கலக்கி இல்லாத டேங்கில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சரக்கு நின்றால் இதேதான் நடக்கும். திங்கட்கிழமை போட்ட சாலை ஒரு மழையில் கல் கல்லாகப் பெயரும், காரணம் யாருக்கும் புரியாது. சூட்டைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று 190-ஐத் தாண்டினால் பாலிமரே அறுந்துபோகும்.

களத்தில் வேறு தொல்லை. மாடிஃபைட் கலவை சீக்கிரம் இறுகும். டிப்பர் தார்பாய் மூடாமல் வந்தால் மேலே கட்டி தட்டும், ரோலர் பத்து நிமிடம் தாமதித்தால் உள்ளே காற்றிடைவெளி தங்கும், அங்கே நீர் இறங்கும். டிப்பரில் ஒட்டக்கூடாது என்று டீசல் தெளிப்பது பழைய பழக்கம். டீசல் பிட்டுமனைக் கரைக்கும். அந்த இடம் மட்டும் பிறகு குழைந்து போகும். இதை ஓட்டுநரிடம் சண்டை போடாமல் நிறுத்தத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

சாலை வேலை படுக்கும் சீசனுக்கு, மாடியில் நீர் கசியாமல் காக்கும் வேலை இருக்கிறது. அதே பிட்டுமனில் ஏ.பி.பி. என்ற பிளாஸ்டிக் வகைப் பாலிமரைச் சேர்த்து, பாலியெஸ்டர் துணியை உள்ளே வைத்து, ஒரு மீட்டர் அகலம் பத்து மீட்டர் நீளச் சுருளாக வருவதைத்தான் கடைக்காரர்கள் தார் ஷீட் என்கிறார்கள். கிடங்கு, பேஸ்மென்ட், அடுக்குமாடிகளின் போடியம் தளம் என்று எங்கும் ஓடுகிறது. வீட்டு மாடிகளில் தூரிகையால் பூசும் கோட்டிங்கோடு போட்டி கடுமை. தளத்தில் வாட்டம் சரியாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் சேரும் முக்கைக் கலவையால் வளைவாகப் பூச வேண்டும். பிரைமர் காய வேண்டும். பிறகு டார்ச்சால் அடியில் உள்ள மெல்லிய பிலிம் உருகும்வரை காட்டி உருட்ட வேண்டும். பக்கவாட்டில் 100, முனையில் 150 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஓரத்தில் உருகிய பிட்டுமன் கம்பி போல ஒரு கோடாகப் பிதுங்கினால் ஒட்டு பிடித்தது. பிதுங்கவில்லையென்றால் சூடு போதவில்லை. உள்ளிருக்கும் துணி தெரிந்தால் எரித்துவிட்டார்கள். ஈரத்தளத்தில் ஒட்டினால் வெயிலில் ஆவி கிளம்பி அப்பளம் போல உப்பும். முடித்தபின் நீரைத் தேக்கி இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

வழி எளிது. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் அரசு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டு வருடப் படிப்பு. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் தமிழ்வழியில் படித்தான் என்கிறீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்குக் கிடையாது, அது அரசுப் பள்ளிக்கு மட்டும். ஆனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. முடித்தபின் தரமணியில் உள்ள தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருடம் அப்ரன்டிஸ். பேவர் என்ற சாலை போடும் இயந்திரத்தை ஓட்டும் நிறுவனத்தைவிட, என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடத்தைக் கேட்டு வாங்குங்கள், அங்கேதான் கை பழகும். பி.இ. வேண்டுமென்றால் டிப்ளமோவிலிருந்து லேட்டரலாக, அதாவது நேராக இரண்டாம் ஆண்டுக்கு, போகலாம். நிலம் அப்போதும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

சம்பளம் முதல் இரண்டு வருடம் குறைவுதான், இருபதாயிரத்துக்குள் என்றே கணக்குப் போடுங்கள். 160 டிகிரி திரவத்தோடு வேலை. ஈரமான கரண்டியை விட்டால் பொங்கித் தெறிக்கும். தோலில் பட்டால் நீரில் குளிரவைக்க வேண்டும், பிய்த்தெடுக்கவே கூடாது. கலவையிலிருந்து பிட்டுமனைப் பிரித்தெடுக்கும் டிரைகுளோரோஎத்திலீன் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. புகைபோக்கி இல்லாத லேபில் அவனை நிற்க விடாதீர்கள், சம்பளம் கூட என்றாலும்.

இதெல்லாம் அவனுக்குப் பிடிக்குமா என்பதை நானோ கொழுந்தனாரோ முடிவுசெய்ய முடியாது. பிளான்ட் லேபில் அனுமதி கேட்டுப் பத்து நாள் உட்கார வையுங்கள். ஒரே சாம்பிளில் ஊசி இறங்கும் பெனட்ரேஷன் சோதனையை, 100 கிராம், 5 விநாடி, 25 டிகிரி என்று மூன்று முறை செய்து நோட்டில் எழுதட்டும். மூன்று எண்ணும் ஏன் ஒன்றாக வரவில்லை என்று ராத்திரி சாப்பாட்டில் உங்களிடம் புலம்பினால் அவன் இந்த வேலைக்காரன். மூன்றாம் நாளே சலித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பேசுவோம்.

அந்தக் கல்லூரிக்கு 50,000 டோக்கன் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரசீது உள்ள கட்டணமாக இருந்தால், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு மேலான ஏ.ஐ.சி.டி.இ. கவுன்சில் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால், கொடுக்கச் சொன்ன கொழுந்தனாரையே கூட அழைத்துப் போய்க் கேளுங்கள்.