கொலை நடக்கும், தூக்கம் கெடாது

சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்பு வாசிப்புக் குழுவில் இந்த மாதம் சின்ன மாற்றம். புத்தகம் பேசுவதற்குப் பதில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக் கேள்விச் சீட்டு போடச் சொன்னார்கள். தலைப்பு இரண்டு: ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ எனப்படும் இளையர் நாவல்கள், அப்புறம் ‘கோஸி’ மர்மக் கதைகள். இருபது வருடமாக இவற்றை விழுங்கிக்கொண்டிருப்பவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

தெம்பனிசிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: கோஸி என்றால் இதமானது என்றுதானே பொருள்? கொலையில் என்னம்மா இதம்?

சார், கொலையில் இல்லை, கொலை நடக்கும் ஊரில்தான் இதம். ரத்தம் நம் கண்முன் சிந்தாது. யாரும் பார்க்காத நேரத்தில் ஆள் செத்துக் கிடப்பார், காலையில் தேநீர் கொண்டுவருகிறவர் அலறுவார், அவ்வளவுதான். செத்தவரும் பெரும்பாலும் ஊரே சபித்த ஆளாக இருப்பதால் நாம் அழ வேண்டியதில்லை. துப்பறிகிறவருக்குச் சம்பளம் கிடையாது. பேக்கரி நடத்துகிறவர், நூலகர், பக்கத்து வீட்டுப் பாட்டி, இப்படி யாராவது. கடைசியில் குற்றவாளி பிடிபடுவார். ஊர் தன் பழைய சில்லறைச் சண்டைகளுக்குத் திரும்பிவிடும்.

இந்த வகைக்குத் தாய்வீடு என்றால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள்தான். அவர் வரும் முதல் நாவல் 1930இல் வெளிவந்தது. கையில் பின்னல் ஊசி, கிராமத்தில் தனி வீடு, கல்யாணம் ஆகாத வயதான பெண்மணி. எந்தக் கொலையைப் பற்றிக் கேட்டாலும் தன் ஊரில் எப்போதோ நடந்த ஒரு சின்னத் திருட்டோ பொய்யோ அவருக்கு நினைவுக்கு வரும். அதிலிருந்து ஆளைப் பிடித்துவிடுவார். கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் கதைகளில் விஷம் இத்தனை தாராளமாகப் புழங்குவதற்கு அந்த அனுபவம்தான் காரணம். விஷம் சத்தம் போடாது, தரைவிரிப்பைக் கெடுக்காது. கோஸிக்கென்றே செய்த ஆயுதம்.

பொங்கோலிலிருந்து ஒரு தாயார்: மகள் உயர்நிலை 2. இளையர் நாவல்களாக அள்ளிக்கொண்டு வருகிறாள். காதல், போதைப்பொருள் எல்லாம் வருகிறதே, தடுக்கலாமா அக்கா?

தடுத்தால் போர்வைக்குள் வைத்துப் படிப்பாள். நானும் மாத நாவல்களை அப்படித்தான் படித்தேன், அந்த வயதில்.

ஆனால் உங்கள் கவலை வெட்டிக் கவலை இல்லை. ‘இளையர்’ என்ற அடுக்கில் 12 வயதுக்கானதும் 18 வயதுக்கானதும் தோளோடு தோள் நிற்கின்றன. அட்டையில் வித்தியாசம் தெரியாது. ஒரே தொடருக்குள்கூட மாறும். ஹாலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ 2019இல் வந்தது. பள்ளித் திட்டப்பணிக்காக ஒரு பழைய கொலையைக் கிளறும் மாணவியின் கதை. முதல் புத்தகத்தை 13, 14 வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுப்பேன். அதே தொடரின் மூன்றாம் புத்தகம் இருட்டு, நல்ல இருட்டு. அதை முடித்த இரவு நானே வாசல் கேட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். முதல் புத்தகம் பிடித்த பிள்ளை மூன்றாவதை எடுக்காமல் இருக்காது. அப்போது நீங்களும் கூடவே படியுங்கள்.

முத்தக் காட்சியைத் தேடிப் பக்கம் புரட்டும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்கிறார்கள். அதைப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பையனும் பெண்ணும் கைகோக்கும் கதையை ஒளித்துவைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எதற்குப் பயப்படுகிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இன்னும் சின்னப் பிள்ளையாக இருந்தால் ராபின் ஸ்டீவன்ஸ் எழுதிய ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’ தொடர். 1930களில் ஓர் இங்கிலாந்து விடுதிப் பள்ளி, அதில் துப்பறியும் இரண்டு சிறுமிகள். கதையைச் சொல்வது ஹாங்காங்கிலிருந்து வந்த ஹேசல் வோங். வெள்ளைக்காரச் சிறுமிகளுக்கு நடுவில் எதைப் பேசுவது, எதை விழுங்குவது என்று அவள் கணக்குப் போடும் இடங்கள் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

ஈசூனிலிருந்து உயர்நிலை 4 மாணவி: எங்களைப் போல் தமிழ்ப் பெண் வரும் இளையர் நாவல் ஆங்கிலத்தில் இருக்கிறதா ஆன்ட்டி? எல்லாவற்றிலும் அமெரிக்கப் பள்ளி லாக்கர்தான் வருகிறது.

இருக்கிறது கண்ணு. பத்மா வெங்கட்ராமனிலிருந்து ஆரம்பி. ‘கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்’ 2008இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலம். வித்யா என்ற பெண்ணின் அப்பா ஓர் ஊர்வலத்தில் போலீஸ் அடியால் மூளை பாதிக்கப்படுகிறார். குடும்பம் சென்னையில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறது. அந்த வீட்டில் ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. நூலகமோ மாடியில். தலைப்பில் வரும் படிக்கட்டு அதுதான். ஒரு பெண் புத்தகம் எடுக்கப் படி ஏறுவதை இத்தனை பரபரப்பாக எழுத முடியுமா என்று வியந்தேன்.

அவருடைய ‘எ டைம் டு டான்ஸ்’ 2014. பரதநாட்டியம் ஆடும் வேதா விபத்தில் ஒரு காலை இழக்கிறாள், செயற்கைக் காலோடு மறுபடி ஆடப் பழகுகிறாள். முழுக்கக் கவிதை வடிவம். ஒரே மூச்சில் முடித்துவிடலாம், ஆனால் முடிக்காதே. சொற்கட்டு வரும் இடங்களை வாய்விட்டுப் படி.

பக்கத்து நாட்டுக் கதையும் ஒன்று: ஹன்னா அல்காஃபின் ‘த வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’, 2019. 1969 மே 13 இனக் கலவரத்தில் கோலாலம்பூரில் அம்மாவைத் தேடி அலையும் மெலாத்தி என்ற மலாய்ப் பெண். திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லும் மனநோய் அவளுக்கு. தன்னை ஜின் என்ற ஓர் ஆவி பிடித்திருப்பதாக அவள் நம்புகிறாள். கனமான புத்தகம். தேர்வு வாரத்தில் எடுக்காதே.

ஒரே ஒரு முணுமுணுப்பு. நம்மைப் பற்றிய ஆங்கில நாவல்களில் பலவும் எங்கோ ஓர் இடத்தில் இட்லி என்றால் என்ன என்று விளக்கும். அந்த வாக்கியம் வரும்போது நான் எழுந்துபோய்க் காப்பி கலந்துகொண்டு வருவேன்.

செங்காங்கிலிருந்து ஓர் அப்பா: தமிழிலேயே இப்படி ஏதும் கிடையாதா? ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். சிறுவர் இலக்கியம் இருக்கிறது, பெரியவர் இலக்கியம் இருக்கிறது. நடுவில் பாலம் மெலிசு. என் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவலில் சுஜாதாவின் கணேஷ்-வசந்த்துக்கும் ராஜேஷ்குமாரின் விவேக்குக்கும் போய்விட்டது. 13 வயதில் நாங்கள் படித்தது பெரியவர்களுக்கு எழுதியதைத்தான். பாதி புரியவில்லை, அந்தப் புரியாத பாதிக்காகவே அடுத்ததையும் படித்தோம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதைப் பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையை அதட்டாமல், பயமுறுத்தாமல் சொல்கிறார். வளர்ந்த பிள்ளைக்குச் சின்னப் புத்தகமாகத் தெரியலாம். தெரிந்தாலும் படிக்கட்டும்.

இளையர் நாவல் தமிழில் திணறுவதற்கு என் கணிப்பில் முதல் காரணம் பேச்சு. 15 வயதுப் பையன் எழுத்துத் தமிழில் கோபப்பட்டால் நாடகம் மாதிரி இருக்கிறது. அவன் நிஜமாகப் பேசுவதை எழுதினால், நம் ஊரில் அது பாதி ஆங்கிலம், கொஞ்சம் மலாய், முடிவில் ஒரு ‘லா’. அதை அச்சில் பார்க்கும் பெரியவர் சிவப்புப் பேனாவை எடுக்கிறார். அப்புறம் பள்ளிக் கட்டுரைப் பழக்கம்: கதை எதுவானாலும் கடைசி வரியில் நாயகன் திருந்தியாக வேண்டும். திருந்தாத பையனைப் பற்றி யாராவது தமிழில் எழுதித் தாருங்கள், நான் பத்துப் பிரதி வாங்குகிறேன்.

தோ பாயோவிலிருந்து: சிங்கப்பூரில் நடக்கும் கோஸி உண்டா?

ஒவிடியா யூவைத் தேடுங்கள். நம் ஊர்க்காரர். அவருடைய ஆன்ட்டி லீ, சீன-மலாய்க் கலப்பு மரபான பெரனாக்கான் உணவகம் நடத்தும் விதவை. 2013இல் வந்த முதல் புத்தகத்தில் செந்தோசாக் கடற்கரையில் ஒரு பெண்ணின் சடலம் ஒதுங்குகிறது. ஆன்ட்டி லீ அச்சார் ஊறுகாயையும் கவனித்துக்கொண்டு அதையும் கவனிக்கிறார். அவருக்குக் கண்ணும் காதுமாக இருப்பவர் பிலிப்பீன்ஸ் பணிப்பெண் நீனா.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2017இல் தொடங்கிய அவருடைய இன்னொரு வரிசை. அதில் முதலாவது ‘த ஃபிராஞ்சிபானி ட்ரீ மிஸ்டரி’. 1936 சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஆட்சி. சூ லின் என்ற 16 வயதுப் பெண், போலியோவால் கால் சாய்த்து நடப்பவள், ராசியில்லாதவள் என்று பேர் வாங்கியவள். கவர்னர் பதவியைப் பார்த்துக்கொள்பவரின் வீட்டில், இறந்துபோன ஆயாவின் இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். பதின்ம வயது நாயகி, கோஸி மர்மம். இன்றைய இரண்டு தலைப்பும் ஒரே புத்தகத்தில்.

இந்த இரண்டு வகையையும் நான் ஏன் சேர்த்தே படிக்கிறேன் என்பது இதைப் படிக்கும்போதுதான் எனக்கே பிடிபட்டது. நாயகிகள் யார் என்று பாருங்கள். ‘நீ உள்ளே போய்ப் படி’ என்று அறைக்கு அனுப்பப்படும் பெண். ‘பாட்டி, நீங்க படுங்க’ என்று ஒதுக்கப்படும் கிழவி. தேநீர்த் தட்டோடு வந்துபோகும் பணிப்பெண். இவர்கள் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அதனால் இவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் வாழ்ந்து எழுதிய ஷாமினி ஃபிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங்கையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். டர்பன், தொப்பை, வெள்ளைக் காலணி. படியுங்கள், ஆனால் அவர் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர். என் கணக்கில் கோஸி ஆகாது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: அம்மாவுக்கு 74. தமிழ் மட்டும்தான். மர்மம் வேண்டும், வெட்டுக்குத்து வேண்டாம் என்கிறார்.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. 1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள். அசடு என்று பேர் வாங்கிய வங்கிக் குமாஸ்தா, தப்புத் தப்பாகவே யோசித்துக் குற்றவாளியின் மேல் போய் விழுவார். உலகம் அதை மேதைமை என்று கொண்டாடும். தனித்தனிக் கதைகள் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று அளந்து படிக்கலாம். கண் சிரமப்பட்டால் மின்னூலாக எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

சுவா சூ காங்கிலிருந்து: ‘தேர்ஸ்டே மர்டர் கிளப்’ அந்தப் புகழுக்குத் தகுந்ததா?

முதல் புத்தகம், ஆமாம். ரிச்சர்ட் ஆஸ்மன், 2020. முதியோர் குடியிருப்பில் வியாழக்கிழமை கூடும் நால்வர்: முன்னாள் உளவாளி, முன்னாள் தாதி, மனநல மருத்துவர், தொழிற்சங்கத் தலைவர். நகைச்சுவைக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் நின்றது, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் கணவரை அந்த உளவாளிப் பெண்மணி பார்த்துக்கொள்ளும் விதம். கொலையாளி யார் என்பதே மறந்துவிட்டது.

பிடோக்கிலிருந்து: மகனுக்கு 14. புத்தகம் என்றாலே கொட்டாவி.

‘தி அவுட்சைடர்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போதே ஒரு பெண் எழுதி 1967இல் வந்தது. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று எஸ். ஈ. ஹின்டன் என முதலெழுத்துகளோடு போட்டார்கள். மெலிசான புத்தகம். அதுவும் வேலைக்காகவில்லை என்றால் காமிக்ஸ், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அங் மோ கியோவிலிருந்து: குற்றவாளியை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி?

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, இரட்டையரைத் திடீரென்று கொண்டுவரக் கூடாது என்றெல்லாம். ஆக, முதல் ஐம்பது பக்கத்தில் வந்துவிட்டு வேலையே இல்லாமல் நிற்கும் நல்லவரைப் பாருங்கள். என் வெற்றி விகிதம் மோசம்தான். ஒரு தடவை மட்டும் 40ஆம் பக்கத்திலேயே கண்டுபிடித்தேன். இரவல் புத்தகம், முன்பு படித்த புண்ணியவான் ஒரு பெயரின் கீழே பென்சிலால் ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார்.

உட்லண்ட்ஸிலிருந்து: நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கை வைத்துத் தமிழில் ஒரு கோஸி எழுத ஆசை. மின்தூக்கி வாசலில், கார் நிறுத்துமிடத்தில், எங்கும் கேமரா. எப்படி மர்மம் வரும்?

கேமராவை மறைக்கப் பார்க்காதீர்கள், போலீசிடம் முதல் அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுங்கள். யார் எத்தனை மணிக்கு ஏறினார், இறங்கினார் என்பது அவர்களுக்குத் தெரியும். பத்து வருடம் ஒன்றாகச் சந்தைக்குப் போன இரண்டு பேர் போன வாரத்திலிருந்து ஏன் வேறு வேறு மின்தூக்கியில் ஏறுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். ஏழாவது மாடித் தாழ்வாரத்தில் யார் செருப்பு யார் வாசலில் கிடந்தது என்று பணிப்பெண்ணுக்குத் தெரியும். காலை ஐந்தரைக்குக் குப்பை அள்ளும் வங்காளதேசத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை.

விஷத்தை எதில் கலப்பது என்று மட்டும் யோசித்து வையுங்கள். டுரியான் பழம் வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவந்த நிமிடமே அந்த வாடையில் புளோக் முழுக்கத் தெரிந்துவிடும்.