துவர்ப்புக்குப் பழகிய நாக்கு

ஒயின் ருசிப்பது எனக்குத் தொழில் இல்லை, பித்து. பதினோரு வருடமாகக் குறிப்பு நோட்டு வைத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

முதல் தடவை சிவப்பு ஒயின் குடித்தேன் அண்ணா. வாயெல்லாம் இழுத்துப் பிடித்தது. கெட்டுப்போனதா?

இல்லை தம்பி, அது துவர்ப்பு. வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு எல்லாம் தின்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன? நம் அறுசுவையில் ஒன்று. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு போகிறது. தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பால் விடாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதே பிடிப்பு. பால் விட்டால் அடங்கிவிடும். சிவப்பு ஒயினோடு சீஸ் வைப்பதும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

கருப்புத் திராட்சையில் வெள்ளை ஒயின் வருமா?

வரும். ஒரு பன்னீர் திராட்சையை நசுக்குங்கள். சாறு வெளிறித்தான் இருக்கும், நிறமெல்லாம் தோலில். தோலோடு ஊறினால் சிவப்பு, உடனே பிரித்தால் வெள்ளை. ஷாம்பெயினில் சேரும் பினோ நுவார் கருப்புத் திராட்சைதான்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டுமாமே?

அது குளிர்தேசத்துக் கல்வீட்டு அறை. சென்னை மே மாதத்து அறை இல்லை. 16 முதல் 18 டிகிரி போதும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். ஒருமுறை கடை ஜன்னலில் வெயில்பட நின்ற பாட்டிலை ஆசைப்பட்டு வாங்கினேன். உலர்திராட்சையை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

நாசிக் ஒயின் பிரெஞ்சு ஒயினுக்கு ஈடாகுமா சார்?

லேபிளை மறைத்துவிட்டுக் கேளுங்கள். 1976 மே 24-ல் பாரிஸில் அப்படித்தான் மறைத்து ஊற்றினார்கள். நடுவர்களாக இருந்த பிரெஞ்சுக்காரர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். நாசிக்கில் மழை முடிந்து கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. ஐரோப்பாவிலோ பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். நாசிக் வெள்ளை ஒயின்களில் செனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க் இரண்டும் எனக்குப் பிடிக்கும். சிவப்பில் ஒன்று தேறினால் அடுத்தது காலை வாரும். வீட்டில் மூன்று பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு, நண்பர்களை ஊற்றச் சொல்லுங்கள். போன மாதம் நான் "இதுதான் விலை உயர்ந்தது" என்று அடித்துச் சொன்னது மூன்றிலும் மலிவானது!

குறிப்பு எழுதுபவர்கள் பிளாக்பெரி, கேஸிஸ் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

தின்னாத பழத்தின் வாசனை எப்படித் தெரியும்? கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, முதலில் மூக்கைக் கொடுங்கள். பிறகு உங்கள் சொல்லில் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு சோவின்யோன் பிளாங்குக்கு "கொய்யா, நறுக்கிய பச்சைக் குடமிளகாய்" என்றுதான் இருக்கிறது.

மட்டன் சுக்காவோடு?

காரத்தோடு டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும். லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் பரவாயில்லை. மோர் இன்னும் மேல்.

தினமும் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதுதானே?

அந்தச் சாக்கு வேண்டாம். ஆபத்தே இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. நானே பாதியைத் துப்பிவிடுவேன்.

திருகுமூடி போட்டிருந்தால் மட்டமான சரக்கா?

இல்லவே இல்லை. நியூசிலாந்து ஒயின்களில் பெரும்பாலானவை திருகுமூடிதான். தக்கை போட்டதில்தான் எப்போதாவது நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அடித்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். அது சமையலுக்குக்கூட ஆகாது.