பெல்ட் மாத்தினதும் ஸ்டார்ட் ஆகல, ஹெட் இறக்கணுமா?

கேள்வி: சார், என்கிட்ட 2015 டஸ்டர் டீசல் இருக்கு, 1.5 இன்ஜின், 92 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கு. பெல்ட் அறுந்தா இன்ஜினே காலின்னு எல்லாரும் சொன்னதால, நல்லா ஓடிட்டு இருந்த வண்டியைத்தான் டைமிங் பெல்ட் மாத்த ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். மாத்தினதுல இருந்து செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ரெண்டு நாளா வேற வேற பேட்டரி போட்டு அடிச்சுப் பாத்துட்டு இப்போ வால்வு வளைஞ்சிருக்கும், ஹெட் (வால்வு இருக்குற இன்ஜினோட மேல் பாகம்) இறக்கணும்னு சொல்றாங்க. சரின்னு சொல்லலாமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: இப்போதைக்கு வேணாம் சார். முதல்ல செல்ஃப் அடிக்கிறத நிறுத்தச் சொல்லுங்க, வால்வும் பிஸ்டனும் முட்டிக்காம பாத்துக்குறது அந்த பெல்ட்தான், டைமிங் ரொம்ப தப்பியிருந்தா ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வால்வு பிஸ்டன்ல முட்டிக்கிட்டே இருக்கும், இல்லாத சேதத்தை நாமளே உண்டாக்கின கதையா போயிடும். உங்க வண்டி நல்லா ஓடிட்டு இருந்து வேலைக்கு வந்த வண்டி, பெல்ட் அறுந்து டோ பண்ணி வந்தது இல்ல, அதனால கை வெச்ச இடத்துலதான் தேடணும்.

செல்ஃப் அடிச்சப்போ சத்தம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குறது) இருக்குற டீசல் இன்ஜின் ஒரே சீரா, தடங்கித் தடங்கி சுத்தும். அந்த தடங்கலே இல்லாம லேசா சர்ருனு சுத்தினா கம்ப்ரஷன் இல்ல, நடுவுல தாளம் தப்பினா ஏதோ ஒரு சிலிண்டர்ல பிரச்சனை. அடுத்தது சைலன்சர். வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா எரியல. புகையே வரலன்னா டீசலே போகல, அப்போ ஹெட்டுக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

இப்போ முக்கியமான வேலை. சிலிண்டரை சூடாக்குற ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டிட்டு, கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) போல்ட்ல ராட்செட் போட்டு இன்ஜின் ஓடுற திசையிலேயே கையால ரெண்டு முழு சுத்து சுத்தணும், ஏன் ரெண்டுன்னா கிராங்க் ரெண்டு சுத்தினாதான் கேம் (வால்வைத் திறக்குற தண்டு) ஒரு சுத்து முடியும். எங்கயாவது டக்குனு நின்னா அதோட விட்டுடணும், பலம் காட்டவே கூடாது. சுத்தி முடிச்சதும் சரியான இடத்துல பிடிச்சு நிறுத்துற லாக் பின், கிராங்குக்கானது ஒண்ணு, கேமுக்கானது ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல உக்காரணும். பழைய பெல்ட்ல வைட்னர் மார்க் போட்டு எண்ணி மாட்டுறத நான் ஒத்துக்கவே மாட்டேன், அதுலதான் பல்லு தப்புது. 20 பல்லு இருக்குற கிராங்க் புல்லியில ஒரு பல்லு தப்பினாலே 18 டிகிரி போச்சு. ஒரு பல்லுக்கு பெரும்பாலும் வால்வு முட்டாது, மூணு நாலுன்னா முட்டும், அதுவும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்.

பின் ரெண்டும் சரியா உக்காந்துடுச்சுன்னா ஸ்கேனர் போடச் சொல்லுங்க. பி0016னு ஃபால்ட் கோடு வந்தா கிராங்கும் கேமும் ஒத்துப்போகல, பி0340 வந்தா கேம் சென்சார் பக்கம், பி0335 வந்தா கிராங்க் சென்சார் பக்கம் பாக்கணும். பெல்ட் கவர் கழட்டும்போது கேம் சென்சாரையும் எடுக்க வேண்டியிருக்கும், திரும்ப மாட்டினப்போ கப்ளர் சரியா உக்காரலன்னா கம்ப்யூட்டருக்கு எந்த சிலிண்டர்ல டீசல் அடிக்கணும்னு தெரியாம போயிடும். அப்படியே செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷரையும் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்) பாக்கச் சொல்லுங்க, 200 பார் பக்கத்துலயாவது ஏறணும். ஏறலன்னா லைன்ல காத்து புகுந்து ஏர் லாக்கா இருக்கலாம், டீசல் லைன்ல இருக்குற ரப்பர் பம்பை கை வலிக்கிற வரைக்கும் அமுக்கி, கெட்டியானதுக்கு அப்புறம் அடிச்சுப் பாருங்க. (பழைய இண்டிகா டீசல் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வண்டின்னா கதை வேற, அதுல பம்ப் டைமிங்கும் பெல்ட்லயே இருக்கு, பம்ப் மேல டீசலை நிறுத்தி விடுற ஸ்டாப் சொலினாய்டு வயரை மாட்ட மறந்தாலே வண்டி எடுக்காது.)

இவ்ளோ பாத்தும் கம்ப்ரஷன் இல்லன்னுதான் வந்தா, அப்பவும் ஹெட்டுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் இருக்கு. அந்தந்த சிலிண்டர் வால்வு ரெண்டும் மூடியிருக்குற நிலையில ஹீட்டர் பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்தணும். காத்து சைலன்சர்ல உஸ்ஸுனு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வு, ஆயில் மூடி பக்கம் பலமா வந்தா ரிங் அல்லது பிஸ்டன். அந்த ரிசல்ட்டை உங்க கண்ணு முன்னாடி காட்டினதுக்கு அப்புறம் ஹெட் இறக்க சம்மதிங்க.

பில் விஷயம் நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். பின் உக்காரலன்னா அதை அங்கயே வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, கழட்டின பெல்ட்டையும் வாங்கி வெச்சுக்கங்க. டைமிங் தப்பா மாட்டி வால்வு போயிருந்தா அந்த செலவு உங்களுது இல்ல. கம்ப்ரஷன் ரீடிங் நாலு சிலிண்டருக்கும் எடுத்ததும் எனக்கு எழுதி அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.