ஷெல் ஸ்கிரிப்டில் வேறு டைரக்டரிக்குப் போய்த் திரும்புவது எப்படி?

ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டில், வேலை முடிந்ததும் பழைய டைரக்டரிக்கே, அதாவது பழைய கோப்புறைக்கே, திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். டைரக்டரி மாற்றும் கட்டளையான 'சிடி' (cd) அடித்து, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறி போட்டால் முந்தைய இடத்துக்கு வரலாம். ஆனால் அதற்கு ஓர் இடம்தான் ஞாபகம் இருக்கும். கொழும்பில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து பம்பலப்பிட்டி, அங்கிருந்து கொள்ளுப்பிட்டி போனவர், எத்தனை தடவை அடித்தாலும் பின்னிரண்டுக்கும் இடையேதான் அலைவார். வீடு போய்ச் சேரமாட்டார்.

பாஷ் (bash) என்ற ஷெல்லில் 'புஷ்டி' (pushd), 'பொப்டி' (popd) என்ற கட்டளைகள் போன வழியை அடுக்கி வைத்துக்கொள்ளும். எனக்கு அதுவும் அவ்வளவு பிடிக்காது. சிடியையும் அங்கே செய்யவேண்டியதையும் சேர்த்து வட்ட அடைப்புக்குள் எழுதுங்கள். அது தனி ஷெல்லாக ஓடுவதால் வெளியே இடம் மாறவே மாறாது, திரும்பும் வேலையே இல்லை.

அப்புறம், சிடி தோற்றால் நிறுத்த, அதற்குப் பின் இரட்டைச் செங்குத்துக் கோடும் 'எக்ஸிட்'டும் கட்டாயம். இதை விட்டுத்தான் ஒருநாள் தவறான டைரக்டரியைத் துடைத்தெடுத்தேன்.