சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால், ஒரு அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, வணக்கம்.

நேற்று ராத்திரி பத்தரைக்கு நீங்கள் அனுப்பிய ஏழு வீடியோவையும் பார்த்துவிட்டேன். "அடுத்த வருஷத்தோடு கோடிங் வேலை காலி" என்கிறது ஒன்று. "ஏஐ படித்தவனுக்குத்தான் இனிமேல் சோறு" என்கிறது இன்னொன்று. "கம்ப்யூட்டர் பக்கமே போகாதீர்கள்" என்கிறது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, கவனித்தீர்களா? முதல் வீடியோவைக் கடைசி வரை பார்த்திருப்பீர்கள். அதனால்தான் மற்ற ஆறும் வந்து விழுந்திருக்கின்றன. ஆள் எங்கே அதிக நேரம் நிற்கிறாரோ அந்தச் சரக்கையே திரும்பத் திரும்ப இறக்குவதுதான் அந்தச் செயலிகளின் தொழில். ஆசையில் நின்றாரா, பயத்தில் நின்றாரா என்பது அதற்குக் கணக்கில்லை.

பொறியியல் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் வரப்போகிறது. பாப்பா இ.சி.இ., அதாவது மின்னணு - தகவல்தொடர்புப் பொறியியல் கேட்கிறாள். நீங்கள் ஏஐ - டேட்டா சயின்ஸ் போடச் சொல்கிறீர்கள். சண்டை அவ்வளவுதானே? அதற்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு.

2026-ல் சேருகிற பிள்ளை 2030-ல்தான் வெளியே வரும். 2022-ல் சேர்ந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பொறியியல் பொதுக் கவுன்சலிங் செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை இழுத்தது. சாட்ஜிபிடி வெளியானது நவம்பர் 30. அந்தப் பிள்ளைகள் சாய்ஸ் கொடுத்தபோது அப்படி ஒரு பொருள் கடைக்கே வரவில்லை. அந்த சீசனில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பெற்றோர் கேட்டதெல்லாம் மெட்டாவெர்ஸ் என்கிற கம்ப்யூட்டருக்குள் கட்டிய மாய உலகமும், பிட்காயினுக்கு அடியில் இருக்கிற பிளாக்செயினும்தான். ஃபேஸ்புக் கம்பெனி 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயரை மாற்றியிருந்த நேரம் அது. நானும் சும்மா இருக்கவில்லை. "விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு நல்ல எதிர்காலம்" என்று இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது மெட்டாவெர்ஸ் என்ற சொல்லை என்னிடம் யாரும் உச்சரிப்பதுகூட இல்லை.

நான் தப்பாகச் சொன்னது பெரிய விஷயமில்லை. ஜெஃப்ரி ஹிண்டன் ஏஐ துறைக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவர் 2016-ல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்கிற ரேடியாலஜி மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பத்து வருஷம் ஆகிவிட்டது. ஸ்கேன் படத்தில் புள்ளியைக் கண்டுபிடிக்க மென்பொருள் வந்தது உண்மை. ஆனால் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டு, சர்ஜனோடு பேசி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது இன்றும் டாக்டர்தான். பல நாடுகளில் ரேடியாலஜிஸ்ட் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கருவியைப் பற்றி அவர் சொன்னதில் பாதி பலித்தது. வேலையைப் பற்றிச் சொன்னது பலிக்கவில்லை.

இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி, பிறகு கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. போட்டு, ஜெராக்ஸ் மெஷின் வாங்கியவர் நீங்கள். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டிங் செத்தது என்றார்கள். லோயர், ஹையர் பரீட்சையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது; குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆனாலும் உங்களிடம் காலை ஆறு மணியிலிருந்து வரிசையாக ஓடிய பேட்ச்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கியதும் நிஜம்தானே? இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். தொழில் ஒரே நாளில் அழியாது. ஆட்களின் எண்ணிக்கை குறையும்.

வரும் வருஷத்தில் நான் உறுதியாக எதிர்பார்ப்பதும் அந்தக் குறைவைத்தான். டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 சதவீதத்தை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. சின்னப் பிழை திருத்துவது, டெஸ்டிங், ரிப்போர்ட் எடுப்பது என்று முதல் இரண்டு வருஷம் சம்பளத்தோடு கற்றுக்கொண்ட வேலைகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் ஏஐ முதலில் வாங்கிக்கொள்கிறது. கேம்பஸுக்கு வந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போன காலத்தை எதிர்பார்த்துக் கடன் வாங்காதீர்கள். இன்டர்வியூவில் "புரோகிராம் எழுது" என்பது குறைந்து, "ஏஐ எழுதியதில் எங்கே தப்பு, சொல்" என்பது கூடும். தப்பைக் கண்டுபிடிக்க அடிப்படை வேண்டும். கணக்கு, புள்ளியியல், டேட்டா ஸ்ட்ரக்சர், சர்க்யூட், சிக்னல் எல்லாம் வீடியோக்காரர்களுக்குப் பிடிக்காத பாடங்கள். வீடியோவுக்கு அப்படித் தலைப்பு வைத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள்.

அதனால் என் பேச்சு இதுதான். கோர்ஸ் பெயரில் ஏஐ இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பல கல்லூரிகளில் அந்தப் பலகையை மாட்டியிருக்கிறார்களே தவிர, உள்ளே பாடம் எடுப்பது சி.எஸ்.இ. என்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்கள்தான். பாப்பா இ.சி.இ. எடுத்துக்கொண்டே விருப்பப் பாடமான எலெக்டிவாகவோ, கூடுதல் கிரெடிட் சேர்த்து மைனர் என்கிற துணைப் படிப்பாகவோ ஏஐ படிக்கலாம். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் எடுக்கும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களை வீட்டில் உட்கார்ந்து இலவசமாகவே பார்க்கலாம். பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். வலது கையால் சாலிடரிங், இடது கையால் பைத்தான் என்று இருக்கிற பிள்ளைக்குச் சிப், கார், மருத்துவக் கருவி என்று பல கதவு உண்டு. எல்லாம் திறந்திருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பேனரில் போட்டிருக்கும் "44 லட்சம் பேக்கேஜ்" வேண்டாம். அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்குக் கல்லூரிகள் கொடுத்த விவரத்தில் மீடியன் சம்பளம் என்று ஒரு வரி இருக்கும். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. அங்கே இல்லாத கல்லூரி என்றால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி சதவீதப் பட்டியலைப் பாருங்கள். அரியர் குவிகிற இடத்தில் எந்தக் கோர்ஸ் எடுத்தும் பயனில்லை.

இன்னொன்று, பணம் கட்டினால் பெரிய கம்பெனியில் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று போன் வந்தால், குரல் உங்களுக்குத் தெரிந்தவர் குரல் மாதிரியே இருந்தாலும், வைத்துவிட்டு நீங்களே அவர் நம்பருக்குத் திரும்பப் பேசுங்கள். குரலை நகல் எடுப்பது இப்போது ஜெராக்ஸ் எடுப்பதைவிடச் சுலபம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம், கட்-ஆஃப் எனக்கு மனப்பாடம். உங்கள் கடை லேமினேஷன் மெஷினை அவள் பிரித்து மாட்டினாள் என்று சொன்னீர்களே, அதில் என்ன கெட்டுப்போயிருந்தது என்று அவள் வாயால் கேட்க வேண்டும்.