அழித்த பிறகும் மீண்ட கோப்புகள்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: நான் உளவியல் ஆலோசகர். என்னிடம் வருபவர்களைப் பற்றிய குறிப்புகளையும் சில ஒலிப்பதிவுகளையும் கைபேசியின் மெமரி கார்டில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்து, கார்டை ஃபார்மட் செய்து, கைபேசியோடு சேர்த்து விற்றுவிட்டேன். வாங்கியவர் நேற்று அழைத்து, மீட்பு மென்பொருளில் பழைய கோப்புகள் திரும்ப வந்துவிட்டன என்கிறார். நான்தான் அழித்துவிட்டேனே, என்மீது நடவடிக்கை வருமா?

பதில்: வரலாம். அழித்தது உங்கள் நல்லெண்ணத்துக்குச் சான்று. அதனாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. எந்த நாட்டில் தொழில் செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே, பல நாடுகள் முன்மாதிரியாகக் கொள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை வைத்துச் சொல்கிறேன்.

கோப்பை அழித்தால் பெரும்பாலும் அதன் முகவரிக் குறிப்புதான் போகிறது; உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். விரைவு ஃபார்மட்டும் அப்படித்தான். பழையதன்மேல் புதிய தரவை எழுதினாலும், மெமரி கார்டு போன்ற ஃபிளாஷ் நினைவகத்தில் உறுதியில்லை. ஒரே இடம் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் உள்ளிருக்கும் கட்டுப்படுத்திச் சில்லு புதிய தரவை வேறிடத்தில் எழுதிவிடும். பழைய பிரதி உள்ளே தங்கிப்போகும். பயனர் இதையெல்லாம் அறிந்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். சாதாரணப் பயனர் அறியாமல் இருக்கலாம். பிறர் மனநலத் தகவலைத் தொழிலுக்காக வைத்திருப்பவரிடம் சட்டம் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்கிறது.

இதற்கு நம்பகமான வழி, தொடக்கத்திலேயே குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி, கைமாற்றும்போது அந்தச் சாவியை அழிப்பது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி இதை ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த புதிய கைபேசிகளில் உள் நினைவகம் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. தனியாகக் குறியாக்கம் செய்யாவிட்டால், மெமரி கார்டு அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கும். நீங்கள் வழுக்கியது அங்கேதான்.

அந்த ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 33ஆம் பிரிவுப்படி, கசிவு தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் அழைத்த நேரத்திலிருந்தே உங்களுக்கு அந்தக் கெடு எண்ணப்படலாம். ஆபத்து பெரிது என்றால் சம்பந்தப்பட்டவர்களிடமும் சொல்ல வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. தரவு பிறரால் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த இரண்டாவது கடமையிலிருந்து விலக்கு உண்டு. உங்களுக்கு அது கிடைக்காது. சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் உங்களை நம்பி வந்தவர்கள் வேறொருவர் வாயால் இதைக் கேட்கும்படி விடாதீர்கள்.

வாங்கியவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். தானாக வந்து சொன்னவர் அவர். கைபேசி அவருடைய உடைமை ஆகிவிட்டது என்பதால் உள்ளே இருந்த அந்தரங்கத்தை வெளியிடும் உரிமை அவருக்கு வந்துவிடவில்லை. எதையும் பகிரவில்லை, பிரதி வைத்திருக்கவில்லை என்று எழுதி வாங்குங்கள். கார்டுக்கு நியாயமான விலை கொடுத்து ரசீதோடு திரும்பப் பெறுங்கள். வெளியிட்டுவிடுவேன் என்று பணம் கேட்டால் அது மிரட்டிப் பறித்தல். பேரம் பேசாமல் காவல் துறைக்குப் போங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் ஆத்திரத்தில் உடைத்துவிடாதீர்கள். உறையிலிட்டு முத்திரை வைத்து, தேதியும் நேரமும் குறித்து, உங்கள் வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். விசாரணை முடியும்வரை அது சான்றுப்பொருள்.